இம்பீச்மென்ட் என்றால் பதவி நீக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். எந்த வருடமானாலும் ஒரு சொல் வகுப்பை நிறுத்திவிடும்: இம்பீச்மென்ட். பிள்ளைகள் ஒரு பக்கம் கேட்பார்கள். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் வேறு பக்கம் இழுப்பார்கள். கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். இம்பீச்மென்ட் என்றால் என்ன?

உயர்ந்த பொறுப்பில் இருப்பவர்மீது மக்கள் பிரதிநிதிகள் சபை முறைப்படி குற்றம் சாட்டுவது. அவ்வளவுதான். குற்றம் உண்மையா, ஆளை அனுப்பலாமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் கட்டம்.

அப்படியானால் இம்பீச் செய்யப்பட்டவர் பதவி இழந்தவர் இல்லையா?

இல்லை. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். அமெரிக்காவில் மூன்று அதிபர்கள் இம்பீச் செய்யப்பட்டிருக்கிறார்கள்: 1868ல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998ல் பில் கிளின்டன், 2019லும் 2021லும் டொனால்ட் டிரம்ப். இதனால் பதவியை இழந்தவர் ஒருவர்கூட இல்லை. அங்கே பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் ஆளை இறக்கும். ஜான்சனுக்கு எதிராக 35 பேர், ஆதரவாக 19 பேர். இன்னும் ஒரே ஓட்டு விழுந்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்.

நிக்சனைக் கேட்பீர்கள். அவரை இம்பீச் செய்யவே இல்லை. பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு வருவதற்கு முன்பே, 1974 ஆகஸ்டில் ராஜினாமா செய்துவிட்டார். பதவி போனவர் இம்பீச் ஆகவில்லை, இம்பீச் ஆனவர்களுக்குப் பதவி போகவில்லை.

தென் கொரியாவில் இந்த இரண்டு கட்டங்களும் இன்னும் துல்லியமாகத் தெரியும். 2016 டிசம்பர் 9ல் அதிபர் பார்க் கியுன் ஹேயை நாடாளுமன்றம் இம்பீச் செய்தது. அன்றே அவருடைய அதிகாரம் முடங்கியது. ஆனால் அவர் பதவி பறிபோனது 2017 மார்ச் 10ல், அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு. யூன் சுக் இயோல் விஷயத்திலும் அதே கதை: 2024 டிசம்பர் 14ல் குற்றச்சாட்டு, 2025 ஏப்ரல் 4ல் நீக்கம். இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் அதிபர்கள்தான், கையெழுத்துப் போட முடியாத அதிபர்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

காலில் இருந்து. விளையாட்டாகச் சொல்லவில்லை. லத்தீனில் காலைக் குறிக்கும் வேர் 'பெட்'. அதிலிருந்து 'பெடிகா': காலில் மாட்டும் விலங்கு, அல்லது விலங்கைப் பிடிக்க வைக்கும் கால்கண்ணி. அதிலிருந்து 'இம்பெடிகாரே': தளை பூட்டுதல், சிக்க வைத்தல். இது பழைய பிரெஞ்சுக்குப் போய்த் தேய்ந்து, 'தடுத்தல், இடைஞ்சல் செய்தல்' என்ற பொருளோடு இங்கிலாந்தில் இறங்கியது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இம்பீச் என்றால் முதலில் 'வழிமறி, தடு' என்றுதான் பொருள்.

'தடு' எப்படிக் 'குற்றம் சாட்டு' ஆனது? அந்தக் காலச் சட்ட எழுத்தர்கள் லத்தீனில்தான் எழுதினார்கள். அதில் 'இம்பெட்டெரே' என்று இன்னொரு சொல் உண்டு. பாய்தல், தாக்குதல், குற்றம் சுமத்துதல் என்று பொருள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் ஒன்றின் பொருள் மற்றதில் ஒட்டிக்கொண்டது. எந்த மொழியிலும் நடப்பதுதான் இது.

அதே காலடியில் பிறந்த உறவுக்காரச் சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய. 'இம்பீட்' என்றால் இடையூறு செய். 'எக்ஸ்பீடைட்' என்றால் அதற்கு நேர் எதிர், காலை விடுவித்து வேகப்படுத்து. நம் அரசு அலுவலகங்களில் கோப்பின்மேல் எழுதுகிறார்களே, அந்த எக்ஸ்பீடைட்தான்.

வகுப்பில் நான் சொல்வது: நம் வீட்டில் ஊர் சுற்றும் பையனுக்கு 'ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான்' என்று பெண் பார்ப்பார்கள் இல்லையா? இம்பீச்மென்ட் என்பது ஆட்சியில் இருப்பவருக்குப் போடும் கால்கட்டு. கட்டின பிறகும் ஆள் அங்கேயேதான் இருப்பான். சிரித்துவிட்டு மறக்காமல் வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பென்ஷன்காரர். 'ஆம்பெஷ்மான்' என்றால் இது இல்லவே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

தாத்தா சொல்வது சரி. அந்த இரண்டு சொற்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதும் சரி.

பிரெஞ்சுக்காரர்கள் பழைய பொருளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 'ஆம்பெஷே' என்றால் இன்றும் தடுப்பது. 'ஆம்பெஷ்மான்' என்றால் வரமுடியாதபடி ஏற்பட்ட இடைஞ்சல். ஓர் அழைப்பிதழின் அடியில் 'ஆன் கா தாம்பெஷ்மான்' என்று தொடங்கி ஒரு வரி இருந்தால், 'வர இயலாத பட்சத்தில் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்கிறார்கள். அதைப் படித்துவிட்டு யாரையோ பதவியிலிருந்து தூக்கப் போகிறார்கள் என்று நினைத்தால் தாத்தா சிரிக்கத்தானே செய்வார்? ஆங்கிலம் வாசலைக் கடந்து நீதிமன்றத்துக்குள் போய்விட்டது. பிரெஞ்சு இன்னும் வாசலிலேயே வழிமறித்துக்கொண்டு நிற்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். பிரெஞ்சு அரசியலமைப்பிலும் 'ஆம்பெஷ்மான்' வருகிறது, 7ஆவது பிரிவில். அங்கே அதிபர் உடல்நலம் போன்ற காரணத்தால் பணியைச் செய்ய முடியாமல் போவதைத்தான் அது குறிக்கிறது. அப்படி ஆகிவிட்டது என்று அரசியலமைப்பு மன்றம் முடிவு செய்தால், செனட் தலைவர் தற்காலிகமாகப் பொறுப்பேற்பார். குற்றம், தண்டனை எதுவும் இதில் கிடையாது.

அப்படியானால் பிரான்ஸ் அதிபரை நீக்க என்ன சொல் சொல்கிறார்கள்?

'தெஸ்தித்யூசியோன்'. 68ஆவது பிரிவு. 2007ல் திருத்தி எழுதப்பட்டது. பதவியோடு ஒத்துப்போகவே முடியாத அளவுக்குக் கடமை தவறினால், இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட்டு, பிறகு இரு அவைகளும் சேர்ந்து உயர் மன்றமாக அமர்ந்து, அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நீக்கலாம். இதுவரை யாரும் அப்படி நீக்கப்படவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் அந்த நாட்டு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள் என்பதால், இது நம் ஊருக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை.

வாஷிங்டனில் நடப்பதைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதும்போது 'தெஸ்தித்யூசியோன் நடவடிக்கை' என்றும் எழுதுகிறார்கள், ஆங்கிலச் சொல்லை அப்படியே போட்டும் எழுதுகிறார்கள். நம் பத்திரிகைகளுக்கு இருக்கிற தலைவலி அவர்களுக்கும் இருக்கிறது.

பீச் பழத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. ஆனால் ஆங்கிலக் கொச்சையில் 'பீச்' என்றால் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது. அது இந்தக் குடும்பத்தில் பிறந்த சொல்தான்.

முதல் இம்பீச்மென்ட் எங்கே நடந்தது?

இங்கிலாந்தில், 1376ல். மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு வயதாகிவிட்டது. சுற்றி இருந்தவர்கள் கஜானாவில் கை வைத்தார்கள். மன்னரைக் குறை சொல்ல முடியாது, சொன்னால் தலை போய்விடும். அதனால் மன்னரின் ஆட்களைப் பிடித்தார்கள். அரண்மனை அதிகாரி லாட்டிமர் பிரபு, லண்டன் வணிகர் ரிச்சர்ட் லயன்ஸ் முதலானவர்கள்மீது காமன்ஸ் சபை மொத்தமாகக் குற்றம் சாட்டியது, பிரபுக்கள் சபை விசாரித்தது. கீழ்ச் சபை வாதி, மேல் சபை நீதிபதி. இந்த ஏற்பாடுதான் அமெரிக்காவரை போனது. நம் நாட்டில் குடியரசுத் தலைவருக்கான முறையிலும் ஒரு சபை சாட்ட, இன்னொரு சபை விசாரிக்கிறது.

அந்தக் காலத்தில் இதற்குத் தண்டனை பதவி நீக்கம் மட்டுமில்லை. அபராதம், சிறை, சில சமயம் உயிரேகூட. 1621ல் சிந்தனையாளர் பிரான்சிஸ் பேக்கன் லஞ்சம் வாங்கினார் என்று இம்பீச் செய்யப்பட்டபோது 40,000 பவுண்டு அபராதமும் லண்டன் டவர் சிறையும் கிடைத்தன. சிறையில் சில நாள்தான் இருந்தார், அபராதமும் தள்ளுபடியானது, அது வேறு கதை. கடைசியாக அங்கே இம்பீச்மென்ட் நடந்தது 1806ல், மெல்வில் பிரபுமீது. அவர் விடுதலை ஆனார். அதற்குப் பிறகு அந்த ஆயுதத்தை அவர்கள் எடுக்கவே இல்லை. அமைச்சரவைக்குச் சபையின் நம்பிக்கை இருக்க வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றிய பிறகு அதற்குத் தேவையும் இல்லாமல் போனது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்கைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். அதில் நம் பக்கத்துச் சம்பந்தம் ஏதும் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் கவர்னர் ஜெனரல். அவருக்கு எதிராக வழக்கை நடத்தியவர் எட்மண்ட் பர்க். வழக்குக்கு முன்பே, 1785 பிப்ரவரியில், பர்க் நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஒன்று ஆற்றினார். பொருள்: ஆற்காடு நவாபின் கடன்கள். நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கிய கடனுக்கு கர்நாடகத்து (நவாப் ஆண்ட பகுதிக்கு அன்று அந்தப் பெயர்) நிலவரி ஈடாகப் போனது. நம் வடாற்காடு, தென்னாற்காடு விவசாயி கட்டிய வரி, லண்டனில் யாரோ ஒருவர் மாளிகை கட்டப் போனது என்பதுதான் சாரம். கம்பெனி ஆட்சிமேல் பர்க்குக்கு இருந்த கோபத்தில் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகளோ வங்காளம், காசி, அயோத்தி பக்கத்தவை.

1788 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விசாரணை தொடங்கியது. நாடகக் கொட்டகைக்கு அடித்துக்கொள்வதுபோல நுழைவுச் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். 55 வயது ஹேஸ்டிங்ஸ் உள்ளே வந்து பிரபுக்கள்முன் மண்டியிட வேண்டியிருந்தது. எழச் சொன்ன பிறகு எழுந்தார். ஒரு காலத்தில் வங்காளம் முழுவதையும் ஆட்டிவைத்த மனிதர். ஆரம்பத்தில் இருந்த கூட்டம் போகப்போகக் குறைந்தது. வழக்கு இழுத்த இழுப்பில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பிரபுக்களே பலர் இறந்துபோனார்கள். 1795 ஏப்ரல் 23ல் தீர்ப்பு: குற்றமற்றவர். ஏழு வருடம். வழக்குச் செலவிலேயே அவர் சொத்து கரைந்தது, கடைசியில் கம்பெனிதான் உதவித்தொகை கொடுத்துக் காப்பாற்றியது.

நம் கேள்விக்கு முக்கியமானது இனிமேல்தான். வழக்கு தொடங்கும்போது ஹேஸ்டிங்ஸ் எந்தப் பதவியிலும் இல்லை. 1785லேயே வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். பதவியே இல்லாதவரை எதிலிருந்து நீக்குவது? இம்பீச்மென்ட்டும் நீக்கமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் எப்படி இந்தச் சொல்லுக்குப் பதவி நீக்கம் என்ற வாசனை வந்தது?

அமெரிக்கர்கள் கைங்கரியம். ஹேஸ்டிங்ஸ்மீது பிரபுக்கள் சபையில் குற்றச்சாட்டு வைக்கப்பட்டது 1787 மே மாதம். அதே 1787 கோடையில் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 8 அன்று ஜார்ஜ் மேசன் எழுந்து, ராஜத்துரோகமும் லஞ்சமும் மட்டும் போதாது, ஹேஸ்டிங்ஸ் செய்தது ராஜத்துரோகத்தில் அடங்காதே என்று வாதாடினார். அதன் பிறகுதான் 'பெருங்குற்றங்களும் தவறான நடத்தைகளும்' என்ற புகழ்பெற்ற தொடர் அதில் ஏறியது. கல்கத்தாவில் நடந்ததற்கு பிலடெல்பியாவில் ஒரு வரி விழுந்தது என்று சொல்லலாம்.

கூடவே தண்டனையையும் சுருக்கினார்கள். செனட் பதவியைப் பறிக்கலாம், இனிமேல் பதவி வகிக்கக் கூடாது என்று தடுக்கலாம். அதற்குமேல் அபராதம், சிறை எதுவும் அங்கே இல்லை. வேண்டுமானால் சாதாரண நீதிமன்றம் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். தண்டனை நீக்கம் மட்டும்தான் என்று ஆனதும், சொல்லும் மெல்ல நீக்கத்தின் பக்கம் சாய்ந்தது. அங்கே அதிபர்கள் தப்பினாலும் கூட்டாட்சி நீதிபதிகள் 8 பேர் இந்த வழியில் பதவி இழந்திருக்கிறார்கள்.

கடற்கரையில் சிலையாக நிற்கும் டூப்ளேவை பிரான்ஸ் இம்பீச் செய்ததா?

இல்லை. திரும்பி வரச் சொன்னார்கள். 1742 முதல் புதுச்சேரி கவர்னராக இருந்த டூப்ளே, போருக்கு மேல் போர் நடத்தியதில் பிரெஞ்சு கம்பெனிக்குக் கை கடித்தது. 1754 ஆகஸ்டில் கோதெயு என்பவர் கப்பலில் வந்து இறங்கிப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். அக்டோபரில் டூப்ளே கப்பல் ஏறினார். விசாரணை சபையும் இல்லை, குற்றப் பத்திரிகையும் இல்லை. அரசர் பெயரில் வந்த உத்தரவு ஒன்றே போதுமானது. தன் கைப்பணத்தைச் செலவழித்தேன், திருப்பிக் கொடுங்கள் என்று கம்பெனியோடு வழக்காடிக்கொண்டே 1763ல் வறுமையில் இறந்தார்.

லாலியின் கதை இதைவிடக் கொடுமை. 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த தளபதி. பாரிஸ் நீதிமன்றம் விசாரித்து, 1766 மே மாதம் தலையை வெட்டியது. பிறகு வோல்டேர் முதலானவர்கள் போராடி, அந்தத் தீர்ப்பு 1778ல் ரத்தானது. தலை போன பிறகு ரத்தாகி என்ன பயன்? இதுவும் இம்பீச்மென்ட் அல்ல, குற்றவியல் வழக்கு.

பக்கத்தில் கடலூருக்குப் போனால் எலிஹு யேல். 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியபோது சென்னையில் தலைவராக இருந்தவர் அவர்தான். சுற்றிலும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை எங்களுக்கு என்று எல்லை போட்டது அப்போதுதான். இன்றும் குண்டு கிராமங்கள் என்ற பேச்சு உண்டு. சொந்த வியாபாரத்தில் பணம் சேர்த்தார் என்ற புகாரில் 1692ல் கம்பெனி அவரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டது. இது வெறும் டிஸ்மிஸ். சேர்த்த பணம் பத்திரமாக இருந்தது. அதில் ஒரு பகுதியைப் பெற்ற அமெரிக்கக் கல்லூரி இன்று அவர் பெயரில் உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம்.

இந்திய அரசியலமைப்பில் யாரை இம்பீச் செய்யலாம்?

சொல்லை அப்படியே வைத்துப் பார்த்தால் ஒரே ஒருவரை: குடியரசுத் தலைவரை. 61ஆவது பிரிவு. காரணமும் ஒன்றுதான், அரசியலமைப்பை மீறியது. எந்த அவையிலும் தொடங்கலாம். அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டு, 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில். மக்களவையில் தொடங்கினால் 543 பேரில் 362 பேர். பிறகு மற்ற அவை விசாரிக்கும். அங்கே குடியரசுத் தலைவர் நேரில் வரலாம், வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் அதே மூன்றில் இரண்டு பங்கு விழுந்தால் அந்த நிமிடத்திலிருந்து பதவி காலி. இதுவரை யார்மீதும் இது பிரயோகிக்கப்படவில்லை.

நம் ஊருக்கு ஒரு வேடிக்கை. 1992ல் வந்த 70ஆவது திருத்தத்தால் புதுச்சேரியின் 30 சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு உண்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பு 16. ஆனால் அவரை நீக்கும்போது அவர்களுக்கு வேலை இல்லை, நாடாளுமன்றம் மட்டும்தான். மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களோ தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுப் போட முடியாது, நீக்கும்போது போடலாம்.

நீதிபதிகளை இம்பீச் செய்கிறார்கள் என்று செய்தியில் வருகிறதே?

அரசியலமைப்பில் நீதிபதிகள் விஷயத்தில் இம்பீச்மென்ட் என்ற சொல்லே கிடையாது. 124(4) பிரிவு 'நீக்கம்' என்றுதான் சொல்கிறது. காரணம்: நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, அல்லது பணி செய்ய இயலாமை. நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், அதன் அதிகாரத்துக்குள் இருக்கும் புதுச்சேரிக்கும் 217, 218 பிரிவுகள் வழியாக இதே முறைதான்.

1968ஆம் வருடச் சட்டப்படி மக்களவை உறுப்பினர்கள் 100 பேர் அல்லது மாநிலங்களவை உறுப்பினர்கள் 50 பேர் கையெழுத்திட வேண்டும். சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ ஏற்றால் மூவர் குழு அமையும்: ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதி, ஓர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஒரு சட்ட அறிஞர். குழு குற்றமில்லை என்றால் கதை முடிந்தது. குற்றம் உண்டு என்றால் ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் ஓட்டு. இங்கே இரட்டைப் பூட்டு: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மக்களவையில் 450 பேர் ஓட்டுப் போட்டால் 300 பேர் தேவை. 390 பேர்தான் போட்டார்கள் என்றால் மூன்றில் இரண்டு 260தான், ஆனால் மொத்தத்தில் பாதிக்கு மேல் என்பதால் 272 வேண்டும். தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இது.

யாராவது அப்படி நீக்கப்பட்டிருக்கிறார்களா?

ஒருவரும் இல்லை. கிட்டே போனவர்கள் உண்டு.

முதலாமவர் தமிழ்நாட்டுக்காரர், நீதிபதி வி. ராமசாமி. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து, பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். சண்டிகரில் அரசு வீட்டுக்கு அளவுமீறிச் செலவு செய்தார் என்பது முக்கியப் புகார். நீதிபதி சாவந்த் தலைமையிலான குழு பெரும்பாலான குற்றச்சாட்டுகள் உண்மை என்றது. 1993 மே மாதம் மக்களவையில் ஓட்டுக்கு வந்தது. அவர் சார்பில் கபில் சிபல் சபையின் வாயிலில் நின்று பல மணி நேரம் வாதாடினார். முடிவைப் பாருங்கள்: ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். 205 பேர் நடுநிலை. எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழாமல் தோற்ற தீர்மானம்! பாதிக்கு மேல் என்ற பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான். காங்கிரஸ் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்ததே அவரைக் காப்பாற்றியது.

2011 ஆகஸ்டில் கல்கத்தா நீதிபதி சௌமித்ரா சென்னுக்கு எதிராக மாநிலங்களவை 189க்கு 17 என்று தீர்மானம் போட்டது. மக்களவைக்கு வருமுன் அவர் ராஜினாமா. அதே வருடம் சிக்கிம் தலைமை நீதிபதி பி.டி. தினகரனும் குழு விசாரணை நடக்கும்போதே விலகிக்கொண்டார். காலில் கட்டு விழுந்ததும் தாமாகவே இறங்கிவிடுகிறார்கள்.

2021ல் புதுச்சேரி ஆட்சி போனதே, அது எந்த வகை?

இம்பீச்மென்ட்டோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை. முதலமைச்சரை இம்பீச் செய்ய முடியாது. அவர் குற்றம் செய்தாரா என்பது கேள்வியே அல்ல. சபையில் ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்தடுத்த ராஜினாமாக்களால் அப்போது சபையில் 26 பேர்தான் மீதி. ஆளும் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12, எதிர்ப்பக்கம் மூன்று நியமன உறுப்பினர்களோடு 14. பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்து பேசிவிட்டு வெளியேறினார். தீர்மானம் தோற்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி.

அதற்கு ஒரு வாரம் முன்பு, 16ஆம் தேதி, துணைநிலை ஆளுநர் கிரண் பேடி விடுவிக்கப்பட்டார். அது மூன்றாவது வகை. துணைநிலை ஆளுநர் குடியரசுத் தலைவர் விரும்பும்வரை பதவியில் இருப்பவர். ஓட்டு, விசாரணை, காரணம் எதுவும் தேவையில்லை. டூப்ளேவுக்கு வந்ததும் ஏறக்குறைய இந்த மாதிரிக் காகிதம்தான். ஒரே வாரத்தில் ஒரே ஊரில் இரண்டு வகையும் பார்த்துவிட்டோம், ஆனாலும் டீக்கடையில் எல்லாவற்றுக்கும் 'ஆட்சியைக் கவுத்துட்டாங்க' என்றுதான் பேச்சு.

கவிழ்வது நமக்குப் புதிதல்ல. 1974 மார்ச்சில் புதுச்சேரி முதலமைச்சர் எஸ். ராமசாமியின் அமைச்சரவை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

ராணுவம் பிடித்தால் 'கூ' என்கிறார்களே?

அது முழுக்கப் பிரெஞ்சு, 'கூ தெத்தா': அரசின்மேல் விழும் அடி. சட்டத்துக்கு வெளியே நடப்பது. நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1776 ஆகஸ்டில் சென்னை கவர்னர் பிகாட் பிரபுவை அவருடைய ஆலோசனைக் குழுவினரே சிறைப்பிடித்தார்கள். அடுத்த வருடம் காவலிலேயே இறந்தார். அதற்குப் பின்னாலும் ஆற்காடு நவாபின் கடன் விவகாரம்தான்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது?

பத்திரிகைகள் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்று எழுதுகின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிற தலைப்பு அது. 'டிரம்ப் பதவி நீக்கம்' என்று படித்தவன் மறுநாள் அவர் அதே நாற்காலியில் இருப்பதைப் பார்த்துக் குழம்பாமல் என்ன செய்வான்? 'கண்டனத் தீர்மானம்' என்று சிலர் எழுதுவது இன்னும் மோசம். கண்டனத் தீர்மானம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதனால் அமைச்சரின் வேலை போகாது.

என் ஓட்டு இலங்கைத் தமிழருக்கு. அவர்கள் 'குற்றப்பிரேரணை' என்கிறார்கள். 2013 ஜனவரியில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்டபோது அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் அந்தச் சொல்தான் ஓடியது. குற்றத்தை முன்மொழிவது, முடிவு என்ன ஆகும் என்று அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. நம் பக்கம் பிரேரணை என்ற சொல் புழக்கத்தில் குறைவு என்பது தெரியும். அப்படியானால் 'குற்றச்சாட்டுத் தீர்மானம்' என்று எழுதலாம். தேர்வுத் தாளில் இம்பீச்மென்ட் என்று தமிழ் எழுத்தில் எழுதினாலும் நான் குறைக்க மாட்டேன்.

வக்கீல் சித்தப்பா, 'அந்தச் சாட்சியை நாளைக்கு இம்பீச் பண்ணப் போறேன்' என்றார். சாட்சிக்கு என்ன பதவி இருக்கிறது?

ஒன்றும் இல்லை. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 155ஆவது பிரிவு, சாட்சியின் நம்பகத்தன்மையை எப்படித் தாக்கலாம் என்று சொன்னது. அங்கே ஆங்கிலத்தில் இருந்தது இதே சொல்தான். முன்பு ஒன்று சொல்லி இப்போது வேறொன்று சொல்கிறார், அல்லது காசு வாங்கியிருக்கிறார் என்று காட்டுவது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் நீதிமன்றத்தில் பேச்சு மாறவில்லை. சித்தப்பா நாளைக்குக் கேள்வி கேட்டு முடித்த பிறகும் சாட்சி கூண்டிலேயேதான் நிற்பார். அவர் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்பது நீதிபதி கையில்.